கதவு வரைக்கும் இரண்டு நிமிடம்

எங்கள் மகள் பதினோரு மாதம் உயிரோடிருந்தாள். அவளை ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. ஒரு வயது முடியாமல் குழந்தையைப் படம் பிடிக்கக் கூடாது, ஆயுசுக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்லியிருந்தார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எதற்கு மனஸ்தாபம் என்று விட்டுவிட்டேன். பிறந்தநாளன்று மூன்று பேரும் வருகிறோம் என்று எங்கள் ஊரின் ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பாயிடம் சொல்லியும் வைத்திருந்தேன். குழந்தையை உட்கார வைக்கத் தன்னிடம் ஒரு சின்ன மூங்கில் நாற்காலி இருக்கிறது என்றார் அவர்.

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. சேவூரில் என் மனைவியின் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் மத்தியானம் கண் உள்ளே போய்விட்டது. அவிநாசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பார்த்தவர்கள் உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வாடகைக் கார் பாதி வழி போனபோது, என் மனைவி டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள். நான் முன் சீட்டில் இருந்தேன். ஏன் என்று கேட்கத் திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. சேவூரில் அவர்கள் தோட்டத்திலேயே குழந்தையைப் புதைத்தோம்.

எண்பத்தாறாம் வருடம் அது. அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் எனக்கு டிரேசிங் வேலை. பனியன்களில் அச்சடிக்கும் படம் எதுவானாலும் அதில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனை டிரேசிங் தாளில் தனித்தனியாகக் கறுப்பு மையால் வரைய வேண்டும். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேஜை மேல் தாளை வைத்து, முந்தின தாளின் மேலேயே அடுத்த தாளைப் பொருத்தி வரைவோம். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அச்சில் நிறம் வழிந்து தெரியும். எட்டு வருடம் இதைத்தான் செய்திருந்தேன். கை பழகியிருந்தது. என் மனைவி அதே சாலையில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்கி வைக்கும் வேலை. குழந்தையைப் புதைத்த பதினேழாம் நாள் இருவரும் வேலைக்குத் திரும்பினோம். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். உடனே வரவில்லை. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். கொஞ்சம் கழித்து வந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என்னை உலுக்கிவிட்டது. இரண்டு மாதத்தில் இப்படியென்றால் இரண்டு வருடத்தில் என்ன மிஞ்சும்?

அந்த வாரம் பட்டறைக்குக் கைக்குழந்தைகள் போடும் பனியனுக்கு ஒரு ஆர்டர் வந்தது. நான்கு நிறத்தில் ஒரு வாத்து. அதை வரைவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு தாளையும் அடுக்கி ஓரத்தைப் பிடித்து விரலால் தட்டிச் சரிபார்க்கும்போது மூன்றாவது தாள் சற்று விலகிவிட்டது. தாள்கள் புரள, வாத்தின் இறக்கை ஒருமுறை அசைந்தது. மறுபடி புரட்டினேன். மறுபடி அசைந்தது. சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் போடுகிற அரசாங்கப் படங்களில் கார்ட்டூன் பார்த்திருக்கிறேன். அது இப்படித்தான் செய்வது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வரையத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று பொருத்தத் தெரியும். அவள் எப்படித் தவழ்ந்தாள் என்பதை என்னால் வைத்துக்கொள்ள முடியும்.

முகத்தைவிட அந்தத் தவழலைத்தான் நான் அதிகம் பார்த்திருந்தேன். எங்கள் லைன் வீட்டில் ஒரே அறை. உள்சுவர் ஓரம் விட்டால் ஒரு காலை மடித்துப் போட்டு, மற்றக் காலால் உந்தி, இழுத்து இழுத்துக் கதவை நோக்கிப் போவாள். பாதி தூரத்தில் நின்று, யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். வரவில்லையென்றால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். பிறகு போய்க் கதவின் விளிம்பைப் பிடித்து, வயிற்றை முன்னால் தள்ளி எழுந்து நிற்பாள். அவ்வளவுதான் படம். உள்சுவரிலிருந்து கதவு வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிசைன் ரூமைத் திறந்துகொள்ள முதலாளியிடம் அனுமதி கேட்டேன். வரைந்து பழகுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கழித்துப்போட்ட டிரேசிங் தாள்களையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனைவியிடம் ஷிப்மெண்ட் அவசரம், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள்.

பாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் உறவினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமரா ஒன்று ஸ்டூடியோ பீரோவில் சும்மா கிடந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு படம் மட்டும் எடுக்கும் வசதி அதில் இருந்தது. ஒரு நொடிக்குப் பதினெட்டுப் படம் ஓடும், நீங்கள் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை எடுத்தால் ஒன்பது வரைந்தால் போதும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் படம். ஒரு ரோல் இருக்கிறது, பழசு, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த மூங்கில் நாற்காலி இருந்த மூலைக்கு என் கண் போய்விடாதபடி கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

மரச்சட்டத்தில் இரண்டு ஆணி அடித்து, அதில் பொருந்துமாறு ஒவ்வொரு தாளிலும் இரண்டு ஓட்டை போட்டேன். முதல் மாதம் வரைந்தவையெல்லாம் தவளை மாதிரி தாவின. இரண்டாவது மாதம் தலை மட்டும் தனியாக மிதந்தது. நின்றுகொண்டிருக்கும் வாத்தை வரையத் தெரிந்தவனுக்கு ஒரு உடம்பின் பாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியவில்லை. தவழும் குழந்தைகளைப் பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது. எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் நின்று அது தவழ்வதையே பார்ப்பேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அதன் தாய் என்னைக் கவனித்தாள். குழந்தையைத் தூக்கி, உச்சியைப் புடவைத் தலைப்பால் மூடி உள்ளே கொண்டுபோய்விட்டாள். அதற்குப் பிறகு என் தலை தெரிந்தாலே அந்த வீட்டுக் கதவு சாத்தப்படும். அவளைக் குறை சொல்ல முடியாது. பறிகொடுத்தவன் கண் அது. ஆனால் குழாயடியில் வெறும் குடத்தோடு நின்ற அந்த நிமிடத்தை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பின் என் உடம்பை வைத்தே கற்றுக்கொண்டேன். யாருமில்லாத பட்டறையில் சாயம் சிந்திக் காய்ந்த தரையில் நானே தவழ்வேன். முழங்கை எப்போது மடிகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எழுந்து ஓடி வந்து வரைவேன். மின்சாரம் நின்றுவிட்டால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் வரைவேன். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தால் பன்னிரண்டு, பதினைந்து படம் தேறும். சில ஞாயிறு நாலு. சில ஞாயிறு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு வந்து படுப்பேன். வேலை என்ன ஆச்சுங்க என்று மனைவி கேட்டால், நடக்குது என்பேன்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அந்த ஒன்றரை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி அந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். மற்ற ஆறு நாளும் பனியன்களுக்கு நடுவே கழிந்துவிடும். ஞாயிறுதான் அவளுக்குத் தாங்க முடியாத நாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போனேன். வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் பட்டறைக்கு வந்துவிட்டாள். என் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரைக் கடைவீதியில் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேலையே கிடையாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வேறு யாரோ ஒருத்தியைத் தேடிக்கொண்டுதான் அவள் படியேறி வந்திருக்க வேண்டும். நான் தரையில் முட்டி போட்டுக் கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். கண்ணாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அருகில் போய்த் தாள்கட்டை எடுத்து, செக்கிங் டேபிளில் பனியன்களைத் தள்ளுவதுபோல ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் எழுந்து நின்று, சொல்லாமல் விட்டது தப்புதான் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இது எந்தக் காலுங்க?" என்று கேட்டாள்.

வலது கால் என்றேன்.

"அவ எடது காலைத்தானுங்க மடிச்சு இழுப்பா."

இல்லை, வலது கால்தான் என்றேன். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும். அவளும் அதே நிச்சயத்தோடு இருந்தாள். தேய்ந்து போன ஜட்டியைத் தைத்துப் போட்டவள் நான், இடது பக்கம்தான் தேயும் என்றாள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான், என் பக்கம் தெரிந்தது வலது கால்தான் என்றேன். அந்த வீட்டில் குரலை உயர்த்திப் பேசியிராத நாங்கள், ஆளில்லாத பட்டறையில் நின்று செத்துப்போன குழந்தையின் காலுக்காகச் சண்டை போட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் மகள் பாதி நாள் அவர் மடியில்தான் வளர்ந்தாள். அந்த அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ள ரெண்டு காலையும் ஊணித்தானம்மா தவந்துச்சு. எல்லாப் பிள்ளையளும் மாதிரித்தான்" என்றார்.

என் மனைவி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சேவூரில் அவளை யாரும் தரையில் விட்டதில்லை; கேட்பதற்கு வேறு யாரும் கிடையாது. இந்த உலகத்தில் எங்கள் மகள் எப்படித் தவழ்ந்தாள் என்பதற்கு மூன்று பேர் சாட்சி. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். மறுநாள் காலையில் மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, யாருக்குக் காட்டுவதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். நமக்குத்தான் என்றேன்.

"எனக்கு வேண்டாமுங்க" என்றாள். "எனக்கு இன்னும் தெரியுதுங்க."

அந்த வார்த்தையில்தான் எனக்குள் இருந்த பயம் வெளியே வந்து நின்றது. எனக்குத் தெரியவில்லை. எழுநூறு தடவை வரைந்த பிறகு, கண்ணை மூடினால் என் மையும் என் கோடும்தான் வந்தன. மகள் முகத்துக்குப் பதிலாக நான் போட்ட முகம். மறந்துவிடக் கூடாது என்று ஆரம்பித்த வேலையே என்னை மறக்க வைத்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். நிறுத்தினால் அந்தக் கோடுகூட இருக்காது.

கால் விஷயத்தில் மனைவி சொன்னதையே எடுத்துக்கொண்டேன். டிரேசிங் தாள் என்பதால் திருப்பிப் போட்டால் வலது இடதாகிவிடும். ஓட்டைகளை மறுபடி போட்டேன். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டும் கூடவே பக்கம் மாறிவிட்டது. எழுநூறு தாளிலும் அதை பிளேடால் சுரண்டி மறு கன்னத்தில் வைத்தேன். அதற்கே ஐந்து ஞாயிறு ஆயிற்று. பிறகு மிச்சத்தை வரைந்தேன். குழந்தை கதவைப் பிடித்து எழுந்து நிற்கும் பகுதியைக் கடைசியாக வைத்திருந்தேன். நூற்று அறுபது படம். எனக்குக் கொஞ்சமாவது திருப்தி தந்தது அந்தப் பகுதி ஒன்றுதான்.

அடுத்த பொங்கலுக்கு ஊரே அடைத்துக் கிடந்த ஐந்து நாளில் படமெடுத்தேன். அச்சடிக்கும் ஸ்கிரீன் சட்டத்தைப் பிடிக்கும் கிளாம்பில் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டி, கீழே தாளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை பட்டனை அழுத்தினேன். வோல்டேஜ் நிலையாக இல்லாததால் விளக்கை நம்பாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்தேன். மேகம் வந்தால் நிறுத்துவேன். விலகினால் தொடர்வேன். ஐந்தாம் நாள் கடைசித் தாளை எடுத்து முடித்தபோது கட்டைவிரல் வீங்கியிருந்தது. பாய் அந்த ரோலைப் பொதிந்து பம்பாய்க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இங்கே அதைக் கழுவ ஆள் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பாய் பட்டறைக்கே ஆள் அனுப்பினார். நான் போனபோது ரோலை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது அடியும் கறுப்பாக இருந்தது. தொடக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெள்ளை. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, "பிலிம் உள்ள சிக்கிருச்சு தம்பி. நகரவே இல்ல. நீங்க எடுத்த ஆயிரமும் இந்த ஒரு கட்டத்துல விழுந்திருக்குது" என்றார். தான் முன்பே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வெள்ளையில் ஒன்றும் இல்லை. அவள் புறப்பட்டது, திரும்பிப் பார்த்தது, தரையைத் தட்டியது, எழுந்து நின்றது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தாள்கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக் கட்டி எங்கள் பட்டறையை ஒட்டியிருந்த சாயப்பட்டறைக்குப் போனேன். அங்கே பாய்லரில் விறகு எரிப்பார்கள். பாய்லர்காரர் எனக்குப் பழக்கம். வேஸ்ட் பேப்பர், போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து விட்டார். மேலே இருந்த தாள்கட்டை எடுத்து உள்ளே எறிந்தேன். டிரேசிங் தாள் பிடிப்பது தெரியாது. சுருண்டு, ஒருமுறை வெளிச்சமாகி, இல்லாமல் போய்விடும். அடுத்த கட்டுக்குக் கை போனபோது பாய்லர்காரர் பிரஷர் ஏறிவிட்டதென்று கதவை மூடினார். பத்து நிமிடம் இருக்கச் சொன்னார். விறகுக்கட்டை மேல் உட்கார்ந்தேன். மீதிக் கட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பக் கதவைத் திறந்தபோது, மீதியை அப்புறம் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எரிந்தது எந்தக் கட்டு என்று அன்று மாலைதான் பிரித்துப் பார்த்தேன். மேலே இருந்தது கடைசிக் கட்டு. அவள் எழுந்து நிற்கும் நூற்று அறுபது படமும் அதில்தான் இருந்தன.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கேயாவது இறங்கித் திரும்பி வருவேன். மனைவி ஒன்றும் கேட்பதில்லை. ஆனி மாதத்தில் பாய் மறுபடி கூப்பிட்டனுப்பினார். உறவினருக்குக் கடிதம் போட்டுப் புது ரோல் ஒன்று வரவழைத்திருந்தார். கேமராவையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, கொஞ்சம் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார். அந்த மனிதர் முகத்துக்கு எதிரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விட்டுப்போனதை வரைய உட்கார்ந்தேன். வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, ஆறு ஞாயிறு முயன்றேன். கதவு வரைக்கும் அவளைக் கொண்டு வந்துவிடுவேன். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. எந்தக் கையை முதலில் வைத்தாள், எந்தக் காலை ஊன்றினாள் என்று கேட்டால் எனக்குள் யாரும் பதில் சொல்லவில்லை. அவளை நான் வரைந்தேன். வரைந்ததை மட்டுமே ஞாபகத்தில் வைத்திருந்தேன். அதையும் எரித்துவிட்டேன்.

ஆறாவது ஞாயிறு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரோல் கறுத்துப் போனது, பாய்லர், எரிந்த கட்டு. எனக்கு மகள் மறந்துபோய்விட்டாள் என்பதையும் சொன்னேன். அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். எழுந்து போய்க் கதவை முக்கால்வாசி திறந்து, அசையாமல் இருக்க அடியில் ஒரு பலகையை வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்சுவர் பக்கம் போய்த் தரையில் கையூன்றினாள்.

"பென்சில் எடுங்க" என்றாள். "என்னையப் பாத்து வரைங்க."

முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள், இடது காலை மடித்துப் போட்டு, இழுத்து இழுத்துத் தவழ்ந்தாள். பாதியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். கதவருகே போனதும் முதலில் நெற்றியை அதில் முட்டினாள். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். எரித்த படங்களிலும் அது இல்லை. பிறகு வலது கையால் விளிம்பைப் பிடித்து, இடது கையையும் அதே இடத்துக்குக் கொண்டு வந்து, ஒரு காலை ஊன்றி வழுக்கி, மறுபடி ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி எழுந்தாள். தெருவைப் பார்த்து நின்றாள். நான் வரையவில்லை. வரைய முடியவில்லை. அவள் திரும்பி வந்து மறுபடி கையூன்றினாள். அன்று ஏழெட்டுத் தடவை செய்தாள். முட்டி இரண்டும் சிவந்துவிட்டன. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தேன்.

அவற்றை வைத்து விட்டுப்போன நூற்று அறுபதையும் டிரேசிங் தாளில் வரைந்து, அந்தத் தீபாவளி விடுமுறையில் மறுபடி படமெடுத்தேன். தை மாதம் ரோல் திரும்பி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து, ஷட்டரை இறக்கி, சுவரில் வேட்டியைக் கட்டி, பாய் எங்கள் இருவருக்கும் போட்டுக் காட்டினார். மெஷின் தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததால் படம் முழுக்க வெயிலும் நிழலுமாக அடித்தது. அதன் நடுவே ஒரு குழந்தை தவழ்ந்து போயிற்று. திரும்பிப் பார்த்தது. தரையைத் தட்டியது. கதவில் நெற்றியை முட்டி, பிடித்து, எழுந்து நின்றது. வெள்ளை வேட்டிதான் மிச்சம். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

பாய் யாரும் கேட்காமலே சுற்றி மறுபடி போட்டார். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. தவழ்ந்தது ஒரு பொம்மை. பத்துப் பன்னிரண்டு வருட டிரேசிங்காரன் நறுக்காகப் போட்ட ஒரு குழந்தைப் படம். எந்த பனியனிலும் அச்சடிக்கலாம். எழுந்து நின்றதில் மட்டும் உயிர் இருந்தது. ஆனால் அதில் என் மகளை நான் பார்க்கவில்லை. முட்டி சிவக்கத் தரையில் கிடந்த என் மனைவியைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "தவளறது அவ இல்லீங்க. எந்திரிக்கறது அவதான்" என்றாள். நான் ஆமாம் என்றேன். நான் பார்த்தது யாரை என்று சொல்லவில்லை.

அந்தப் படத்தை வேறு யாருக்கும் நான் காட்டியதில்லை. வேறு படம் எடுக்கவும் இல்லை. தொண்ணூற்று இரண்டில் எங்களுக்கு மகன் பிறந்தான். கொஞ்ச நாளில் டிரேசிங் வேலை போய்ப் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நானும் அதைக் கற்றுக்கொண்டேன். மகன் தவழும்போது இரண்டு கால்களையும் ஊன்றித்தான் தவழ்ந்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவளுக்கு எந்தக் கால் என்று மனைவியிடம் நானாகக் கேட்டேன். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எடது காலு என்று சட்டென்று சொல்லிவிட்டு, எடுத்த தண்டைக் கிள்ளாமல் பிடித்திருந்தாள்.

"நெனச்சுப் பாத்தா எனக்கும் இப்ப அந்தப் படந்தானுங்க வருது" என்றாள். "வேற ஒண்ணும் வர மாட்டேங்குது."

என் மேல் கோபமாக அதை அவள் சொல்லவில்லை. தண்டுகளை ஒரு பக்கமும் இலைகளை ஒரு பக்கமுமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். அவளிடம் மட்டுமே இருந்ததை நான் தரையில் தவழவிட்டுக் கறந்து எடுத்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. மகன் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து கீரைக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.